கையுறை வராத சாவு

பாஸ்டன்
1769 பிப்ரவரி 20

ஆசகேலுக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. மனதில் இல்லாததை எழுதுவதற்கு நான் உன்னைப் போல ஊர் எழுத்தர் இல்லை.

புதன்கிழமை காலையில் உன் சீட்டு வந்தது. இரண்டே வரி. 'அப்பா இன்று விடிகாலை போய்விட்டார். வெள்ளிக்கிழமை அடக்கம்.' கொண்டுவந்தவர் உங்கள் ஊர் வெண்ணெய் வண்டிக்காரர். அவர் கையைப் பார்த்தேன், வண்டியைப் பார்த்தேன். "வேற ஒண்ணும் குடுத்து விடலயா?" என்று கேட்டேன். "இல்லம்மா, இந்தத் துண்டுக் காகிதந்தான்" என்றார்.

கையுறை இல்லை. நம் ஊர்களில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? சாவு வீட்டிலிருந்து ஒரு ஜோடி கையுறை வந்தால் வா என்று அர்த்தம். வெறும் செய்தி வந்தால், தெரிந்துகொள், உன் வீட்டிலேயே இரு என்று அர்த்தம். அம்மா செத்தபோது நூற்றிருபது வீட்டுக்கு அனுப்பினோம். பெயர் பெயராகச் சொல்லி நீயும் நானும்தான் கட்டினோம். அப்பாவுக்குச் சண்டைக்காரராக இருந்த தோல் பதனிடுகிறவருக்குக்கூட ஒரு ஜோடி போனது. பெற்ற மகளுக்கு இல்லையா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் கறுப்பு உடுத்திக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். "போய்ட்டு வா கெசியா, பெத்த அப்பனுக்கு எதுக்கு அழைப்பு?" என்றார் கில்பர்ட். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவருக்கு நம் ஊர் ரோஷம் புரியாது. அழையாத சாவுக்குப் போய், குழியைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் என்னைப் பார்த்து முதுகைத் திருப்பினால், அதுவா அப்பாவுக்கு நான் செய்யும் மரியாதை?

எங்கள் கடையில் கையுறை அடுக்கடுக்காகக் கிடக்கிறது, ஒன்றை மாட்டிக்கொண்டு வரவேண்டியதுதானே என்று நீ நினைக்கலாம். கடையில் விற்கிற கையுறை வேறு, பிறந்த வீட்டிலிருந்து வருகிற கையுறை வேறு.

கில்பர்ட்டைக் கட்டிக்கொண்டதற்கு அப்பா ஒரு வருஷம் கோபமாக இருந்தார், பிறகு மறந்துவிட்டார். நீ மறக்கவில்லை என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

கெசியா


ஹார்ட்வெல்
1769 மார்ச் 2

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஹுல்டா ஒரு தடவைதான் படித்தாள். "ஏங்க, அண்ணிக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அடுப்படியில் போய் அழுதாள்.

யாருக்கும் கையுறை கொடுக்கவில்லை. ஒருவருக்கும் இல்லை. போதகருக்குக்கூட இல்லை. இருபது வருஷத்துச் சாவுக் கையுறையை அவர் பீப்பாயில் சேர்த்து வைத்து விற்றுத்தான் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்குகிறார் என்று உனக்கே தெரியும். அடக்கத்தன்று அவர் கண் கலங்கியது அப்பாவுக்காகவா, கையுறைக்காகவா என்று ஹுல்டாவுக்கு இன்னும் சந்தேகம்.

போன அக்டோபர் ஊர்க் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்தோம். கண்ணாடி, காகிதம், சாயம், தேயிலை என்று லண்டன் வரிசையாக வரி போடுகிறது. வரி போடும் அந்தப் பாராளுமன்றத்தில் நமக்காகப் பேச ஒரு நாதி கிடையாது. நம்மைக் கேட்காமல் நம் பையில் கை விடுகிறவர்களின் சரக்கை இனி வாங்குவதில்லை என்பது தீர்மானம். சாவுக் கையுறையும் அங்கிருந்து வரும் சரக்குதான். தீர்மானத்துக்குப் பிறகு ஊரில் விழுந்த முதல் சாவு நம் வீட்டில். எழுதிய கையே மீறினால் ஊர் சிரிக்காதா?

உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். அது என் தப்பு. சீட்டில் மூன்றாவதாக ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். ஊர்த் தீர்மானங்களை நாலு பக்கத்துக்கு எழுதுகிறவனுக்குச் சொந்த அக்காவுக்கு ஒரு வரி கூடுதலாக எழுதத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை குளிர் எலும்பைத் தின்றது. பெட்டியைக் குழியின் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றோம். மூப்பர் எனோஸ், "ஆசகேலு, எவ்வளவு நேரம்ப்பா நிக்கிறது, கை வெறச்சுப் போச்சு" என்றார். "அக்கா வரட்டும்" என்றேன். கையுறை இல்லாத நாற்பது பேர் அக்குளில் கையை வைத்துக்கொண்டு மூன்று மணி வரைக்கும் நின்றார்கள். பிறகுதான் மண் போட்டோம்.

பனி கரைந்ததும் வா. கல்லறைக் கல்லில் என்ன எழுதுவது என்று உன்னைக் கேட்காமல் முடிவு செய்ய மாட்டேன்.

தம்பி ஆசகேல்


பாஸ்டன்
1770 ஏப்ரல் 9

ஆசகேல்,

கையுறை விஷயத்தில் உன்னை மன்னித்து, வந்து, கல்லறையில் நின்று அழுதுவிட்டுப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் இது.

எங்கள் கடைக்கு எதிரே ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். அதன் உச்சியில் மரத்தால் செய்த ஒரு கை. விரல் எங்கள் வாசலைக் காட்டுகிறது. இது இங்கிலாந்துச் சரக்கு விற்கும் கடை, உள்ளே போகாதே என்று சொல்கிறதாம். வாரத்துக்கு இரண்டு தரம் பெயர்ப்பலகையில் சாணியைப் பூசுகிறார்கள். நான்தான் கழுவுகிறேன். முன்வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிற சீமாட்டிகள், பின்வாசலில் வந்து, "கெசியா, அந்த நீல ரிப்பன் இன்னும் இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் சிப்பாய்கள் சுட்டுத் தெருவில் ஐந்து பேர் செத்தபோது நானும்தான் அழுதேன். எந்தப் பக்கம் நின்று அழுகிறாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

நேற்று உங்கள் வெண்ணெய்க்காரர் ஒன்று சொன்னார். சரக்கு இறக்கும் வியாபாரிகளின் பட்டியல் பத்திரிகையில் வந்தது அல்லவா, அதை ஹார்ட்வெல் ஊர்ப் புத்தகத்தில் அப்படியே எழுதி வைக்க வேண்டும், சொந்த லாபத்துக்காக நாட்டை விற்றவர் யார் என்று வருங்காலப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று கூட்டத்தில் முடிவானதாம். "ஆறாவது பேரு ஒங்க வீட்டுக்காரருதும்மா. எழுத்தரய்யா அழகாத்தான் எழுதியிருக்காரு" என்றார். அந்த மனுஷன் அதைப் பாராட்டாகவே சொன்னார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே அதைப் படிக்கப் போவது உன் பேரப்பிள்ளைகள்.

கில்பர்ட் கத்தவில்லை. "சுங்கம் கட்டினேன், வரி கட்டினேன், ஒருத்தனையும் ஏமாத்தல. கடை வச்சவன் கடைய தொறந்து வச்சது குத்தமா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பத்திரிகையை மடித்து மேஜைக்குள் வைத்துக்கொண்டார்.

இனி எனக்கு எழுதாதே.

கெசியா


ஹார்ட்வெல்
1774 பிப்ரவரி 1

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். நாலு வருஷம் எழுதவில்லை. இதற்குமேல் முடியவில்லை, திட்டுவதானால் திட்டு.

கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் வரியை எடுத்தபோது எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தேன். தேயிலை வரியை மட்டும் விட்டு வைத்தார்கள். மழை விட்டும் தூவானம் விடவில்லை. இப்போது மூன்று கப்பல் தேயிலையை உங்கள் துறைமுகத்தில் கொட்டிவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான், உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் ஊரே கைதட்டியபோது எனக்கு உன் தெரு ஞாபகம் வந்தது. லண்டன் இதைச் சும்மா விடாது. அடி விழுந்தால் கொட்டினவன் மேல் மட்டுமா விழும்? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய் இல்லை.

இங்கே யாரும் தேநீர் குடிப்பதில்லை. ஹுல்டா ராஸ்பெரி இலையைக் காயவைத்துக் கஷாயம் போடுகிறாள். மாட்டுக்குக் கொடுத்தால் மாடு முறைக்கும். மூப்பர் எனோஸ் வீட்டில் மட்டும் நல்ல தேயிலை வாசம். கேட்டால், "வயித்து வலிக்கு மருந்துப்பா, டாக்டரு சீட்டே குடுத்திருக்காரு" என்கிறார். தினமும் சரியாக நாலு மணிக்கு வருகிற வயிற்று வலியை நான் இதுவரை பார்த்ததில்லை.

என் மகன் யோதாமுக்கு இருபது வயது ஆகப் போகிறது. என் உயரத்தைத் தாண்டிவிட்டான். வாய் மட்டும் உன்னுடையது.

அத்தானுக்கு மார்புச் சளி என்று கேள்விப்பட்டேன். மேப்பிள் சர்க்கரைக் கட்டி ஒன்று அனுப்புகிறேன். வரி கட்டாத சர்க்கரை, தைரியமாகச் சாப்பிடச் சொல்.

ஆசகேல்


பாஸ்டன்
1774 செப்டம்பர் 12

ஆசகேல்,

சர்க்கரை வந்தபோதே பதில் எழுதியிருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை. இப்போது உன் மகன் வந்து அதை உடைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஜூன் மாதத்திலிருந்து துறைமுகம் மூடிக் கிடக்கிறது. கொட்டிய தேயிலைக்கு நஷ்டஈடு கொடுக்கும்வரை ஒரு படகுகூட வரக் கூடாதாம். கடலைப் பார்த்துக் கட்டிய ஊரில் கடல் இருக்கிறது, பிழைப்பு இல்லை. மேய்ச்சல் மைதானம் முழுக்கச் சிப்பாய்களின் கூடாரம். ஹார்ட்வெல்லிலிருந்து இங்கே உள்ள ஏழைகளுக்கு ரை மாவும் ஆடும் அனுப்பினீர்களே, அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு யோதாம் வந்தான். எங்களுக்குத் தனியாக ஒரு மூட்டையும் ஒரு பாலாடைக்கட்டியும். யார் அனுப்பியது என்று கேட்டேன். "அப்பா அனுப்பல அத்தே. வண்டியில தானா ஏறிக்கிச்சு" என்றான்.

இரண்டு நாள் தங்கினான். ஒரு பானை பீன்ஸைத் தனியாகக் காலி செய்தான். சாப்பிடாத நேரமெல்லாம் கில்பர்ட்டோடு தர்க்கம்.

"மாமா, கப்பலே வராத ஊர்ல ஒங்களுக்குக் கடை எதுக்கு?"

"ஒங்கப்பன் எழுதின பேரு அழியட்டும். அன்னிக்கு மூடறேன்."

"அது மையில எழுதினது. அழியாது."

"நானும் அப்படித்தான்டா."

இருவரும் சிரித்தார்கள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்கு ஞாபகமில்லை. அவன் போன பிறகு, "நமக்கு ஒண்ணு இருந்திருந்தா இப்படித்தான் வாயாடியிருக்கும்" என்றார். அதைச் சொல்லிவிட்டுச் சளி என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் எல்லோரும் வாரம் இரண்டு நாள் துப்பாக்கி தூக்கிப் பழகுகிறீர்களாம். யோதாம் பெருமையாகச் சொன்னான். வரிக்குத்தானே ஆரம்பித்தீர்கள்? துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

அக்கா


ஹார்ட்வெல்
1775 ஏப்ரல் 28

அக்கா,

இதைக் கொண்டுவருகிற பெண் நம்பிக்கையானவள்.

பத்தொன்பதாம் தேதி நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். கான்கார்டில் நாங்கள் சேர்த்து வைத்த வெடிமருந்தையும் குண்டையும் எடுக்க வந்த சிப்பாய்களோடு சாலை நெடுக நாள் முழுவதும் சண்டை. வேலிக் கல்லுக்குப் பின்னால் நின்று சுட்டவர்களில் யோதாமும் ஒருவன். அவனுக்குக் காயமில்லை. இப்போது கேம்பிரிட்ஜ் முகாமில் இருக்கிறான். உங்கள் ஊரைச் சுற்றி எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள்.

வரிக்குத்தானே ஆரம்பித்தீர்கள் என்று கேட்டாய். ஏழு மாதமாக யோசிக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு சின்ன அடிதான் எடுத்து வைத்தோம். வாங்க மாட்டோம் என்றோம். அவர்கள் சிப்பாயை அனுப்பினார்கள். தேயிலை கடலுக்குப் போனது. துறைமுகத்தை மூடினார்கள். பிறகு, கவர்னர் அனுமதி இல்லாமல் ஊர்க் கூட்டமே கூடக் கூடாது என்றார்கள். எங்கள் ஊர் விஷயத்தை நாங்கள் பேசக் கூடாது என்றால் எதற்காகத்தான் வாய் இருக்கிறது? எந்த அடியும் எடுத்து வைக்கும்போது தப்பாகத் தெரியவில்லை. இப்போது திரும்பிப் பார்த்தால் கிளம்பின வீடு கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டால் ஊரை விட்டுப் போகலாம் என்று அங்கிருக்கும் ராஜாவின் தளபதி ஒத்துக்கொண்டிருக்கிறார். வா. அத்தானையும் அழைத்துக்கொண்டு வா. மே இரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, ராக்ஸ்பரி பக்கத்து ஊர் வாசலுக்கு வெளியே வண்டியோடு நிற்பேன். யாராவது அத்தானை ஒரு வார்த்தை சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆசகேல்


பாஸ்டன்
1775 மே 5

தம்பி,

நீ சாயங்காலம் வரைக்கும் நின்றாய் என்று தெரியும். நான் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கில்பர்ட் வரவில்லை என்றார். "ஒந்தம்பி எம்பக்கம் நிப்பான். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அவன் ஊர்க் கூட்டம் கை தூக்கினா, ஒந்தம்பி அதை உக்காந்து எழுதுவான். அவனால முடியாது கெசியா, அவன் அப்படித்தான். நீ போ" என்றார். என் மூட்டையை அவரே கட்டிக் கொடுத்தார்.

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். மூட்டையை அவிழ்த்துப் பார்த்துப் பார்த்து அனுப்பினார்கள். வாசலுக்கு அப்பால் உன் வண்டி தெரிந்தது. என் கால் குளிருமே என்று கம்பளி விரித்து வைத்திருந்தாய். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தபோது, அவர் தனியாக இருமிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பது கண்ணில் நின்றது. திரும்பிவிட்டேன். கத்திக் கூப்பிட்டிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். கூப்பிட்டால் நீ வாசல் வரைக்கும் ஓடி வந்திருப்பாய், பிறகு என்னால் திரும்பியிருக்க முடியாது.

உன் மேல் கோபமில்லை. யோதாமைப் பார்த்துக்கொள்.

கெசியா


கேம்பிரிட்ஜ் முகாம்
1775 ஜூலை 3

அக்கா,

வெள்ளைக் கொடியோடு போகிறவர்களிடம் இதைக் கொடுக்கிறேன். அதிகாரிகள் பிரித்துப் படிப்பார்கள். படிக்கட்டும்.

ஜூன் பதினேழாம் தேதி சார்ல்ஸ்டவுன் குன்றில் நடந்த சண்டைக்குப் பிறகு யோதாம் திரும்பி வரவில்லை. வெடிமருந்து தீர்ந்து எல்லோரும் ஓடும்போது தொடையில் அடிபட்டு அவன் விழுந்ததை எனோஸின் மருமகன் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான் தெரியும். பதினாறு நாளாக இங்கே கூடாரம் கூடாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர்ச் சிறையில் கொஞ்சம் பேர் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

ஹுல்டா சாப்பிடுவதில்லை. நம் சண்டை எதையும் இதில் பார்க்காதே, அக்கா. உயிரோடு இருக்கிறானா இல்லையா, அது மட்டும் சொல்.

ஆசகேல்


ஹாலிஃபாக்ஸ், நோவா ஸ்கோஷியா
1776 மே 21

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. ஹுல்டாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் கடிதம் ஒரு வாரம் கழித்து என் கைக்கு வந்தது. அன்றே சிறைக்கு ஓடினேன். வாசலில் இருந்தவன், பெண்களுக்கு அனுமதி இல்லை, கலகக்காரர்களுக்குச் சொந்தக்காரர்களுக்கு அனுமதியே இல்லை என்றான். நான் அழுதுகொண்டு வந்து சொன்னேன். கில்பர்ட் எழுந்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு, மேஜையைத் திறந்து அந்தப் பழைய பத்திரிகையை எடுத்தார். ஐந்து வருஷமாக மடித்து வைத்திருந்தார். நேராக அதிகாரியிடம் போய் அதை விரித்து வைத்தார். "இதுல ஆறாவது பேரு என்னோடது. என்னை நாட்டுத் துரோகின்னு அவங்களே அச்சடிச்சுக் குடுத்திருக்காங்க. ராஜவிசுவாசத்துக்கு இதைவிட நல்ல சான்று இந்த ஊர்ல வேற யார்கிட்ட இருக்கு? எம்மருமகன் உள்ள கெடக்கான். பாக்கணும்" என்றார். அதிகாரி சிரித்துவிட்டாராம். இரண்டு பேருக்கும் அனுமதிச் சீட்டு கிடைத்தது.

உயிரோடுதான் இருந்தான், ஆசகேல். அடிபட்ட காலை வெட்டி எடுத்திருந்தார்கள். புண் ஆறவில்லை. என்னைப் பார்த்ததும், "பீன்ஸ் கொண்டாந்தீங்களா அத்தே?" என்று கேட்டான். முற்றுகையில் ஊரில் உப்புக் கறியைத் தவிர ஒன்றும் கிடையாது. கில்பர்ட் எங்கோ அலைந்து ஒரு கோழி கொண்டுவந்தார். காலையில் நான் கஞ்சியும் ரசமும் கொண்டுபோவேன். மத்தியானத்துக்குமேல் அவர் உட்கார்ந்துகொள்வார், ஈ ஓட்டிக்கொண்டு. அந்த நிலையிலும் இருவருக்கும் தர்க்கம். ஒருநாள் நான் உள்ளே போகும்போது, "வரி போட அவங்களுக்கு உரிமை இருக்கோ இல்லையோ, ஒங்காலை எடுக்க ஒருத்தனுக்கும் உரிமை இல்லடா" என்று கில்பர்ட் சொல்லிக்கொண்டிருந்தார். யோதாம் அவர் கையைத் தட்டிக்கொடுத்தான்.

ஒன்பது நாள். ஜூலை பத்தொன்பதாம் தேதி காலையில் போய்விட்டான். என் மடியில்தான் தலை இருந்தது. சிறையில் செத்தவர்களைச் சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். கில்பர்ட் மறுபடியும் கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் போராடி உடலை வாங்கி வந்தார். எங்களுக்கென்று வாங்கி வைத்திருந்த இடத்தில் வைத்தோம். கிரானரி இடுகாட்டில் வடக்குச் சுவர் ஓரம், பெயர் இல்லாத சாம்பல் நிறக் கல்.

உனக்கு இரண்டு தரம் எழுதினேன். சிறையைப் பற்றி இருக்கிறது என்று இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதாக, ஒன்றும் சொல்லாமல் ஒரு பொய்க் கடிதம் எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்களை இத்தனை மாதம் தவிக்கவிட்டது என் பாவம்தான்.

மார்ச்சில் ராஜாவின் படை பாஸ்டனை விட்டுக் கப்பலேறியபோது கில்பர்ட்டும் ஏறினார். பட்டியலில் பெயர் இருக்கிறவர் தங்க முடியுமா? நானும் ஏறினேன். இங்கே கூடாரத்தில் ஒரு மாதம் இருந்தோம். ஏப்ரல் முப்பதாம் தேதி அந்த இருமலே அவரைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது ஒரு அறையில் மூன்று குடும்பத்தோடு இருக்கிறேன். துணி தைத்துக் கொடுக்கிறேன். ஒன்பது நாளும் அவன் என்னென்னவோ பேசினான், ஹுல்டாவிடம் சொல்ல. எழுத உட்கார்ந்தால் காகிதம் நனைந்துபோகிறது. முடியவில்லை.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை, நேராகவே கேட்கிறேன். நான் வரட்டுமா?

கெசியா


ஹார்ட்வெல்
1776 செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

மார்பிள்ஹெட் மீன்பிடிக்காரர் ஒருவர் கையில் உன் கடிதம் போன மாதம் வந்து சேர்ந்தது. படை போன மறுநாளே நான் பாஸ்டனுக்கு வந்திருந்தேன். உன் கடை பூட்டிக் கிடந்தது. சிறையில் கேட்டேன். ஒரு காலி அறையைக் காட்டினார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு அந்த இடுகாட்டு வழியாகத்தான் நடந்து போயிருக்கிறேன்.

இப்போது நானும் ஹுல்டாவின் தம்பியும் போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்தோம். கில்பர்ட் அத்தானிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவன். இனி கேட்க இடமில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் கேள்விக்கு வருகிறேன். ராஜாவின் கப்பலில் போனவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டுமானால் ஊர்க் கூட்டம் சம்மதிக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை கேட்டேன். உன் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். பிறகு ஆலைக்காரர் எழுந்தார். "ஆசகேலு, ஒன் துக்கம் ஊருக்குத் தெரியும். ஆனா இன்னிக்கு ஒரு விதவைன்னு விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு அக்கா தங்கச்சின்னு வண்டி வண்டியா கொண்டாருவாங்க. அந்தக் குன்னுல செத்தவன் ஒம்மகன் மட்டுந்தானா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. அவருடைய தம்பி போனதும் அங்கேதான். கை தூக்கினார்கள். வேண்டும் என்று இருபத்தாறு பேர். வேண்டாம் என்று முப்பத்தொரு பேர்.

அதற்கு முந்தைய வாரம்தான் சுதந்திரப் பிரகடனத்தைப் போதகர் கோயிலில் வாசித்து முடித்ததும் ஊர்ப் புத்தகத்தில் நான் நகல் எடுத்திருந்தேன். இனி எங்களுக்கு ராஜா இல்லை, இது சுதந்திர நாடு என்று என் கையால் எழுதி, ஆமென் என்று நானாக மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த பக்கத்திலேயே, விதவை கெசியா மன்றோ திரும்பி வர ஊர் சம்மதிக்கவில்லை என்று எழுதினேன். கில்பர்ட் அத்தான் சொன்னது சரிதான். கூட்டம் கை தூக்கியது, நான் உட்கார்ந்து எழுதினேன்.

எழுதி முடித்துப் பேனாவைத் துடைத்து, புத்தகத்தை ஆலைக்காரரிடமே கொடுத்துவிட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஊர் சொன்னதற்காக உன்னை ஒரு சாவுக்கு வெளியே நிறுத்தினேன். ஊர் சொன்னதற்காக ஒரு நல்ல மனுஷனின் பெயரை எழுதினேன். ஊரின் மேல் எனக்கு இப்போதும் மரியாதை உண்டு. அது தன் முடிவைச் சொல்லிவிட்டது. நான் வண்டியைப் பூட்டப் போகிறேன்.

மறுநாள் மூப்பர் எனோஸ் வேலியோரம் வந்து நின்றார். அவர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று நான் கேட்கவில்லை. "ஊரு வேணாம்னு சொல்லிச்சு, சரி. ஒன் வாசல்ல காவல் போடணும்னு யாரும் சொல்லலியே. எனக்குக் கண்ணும் மங்கிப் போச்சு. யாரு வண்டியில யாரு வந்து எறங்கினாலும் தெரியாது" என்றார். நாளைக்கே யாராவது வந்து கேட்டால் கேட்கட்டும், அபராதம் போட்டால் போடட்டும். உனக்கு இடம் இல்லாத ஊரில் எனக்கும் இடம் வேண்டாம்.

கைதிகளை மாற்றிக்கொள்ளும் கப்பல் ஒன்று அக்டோபர் முதல் வாரம் ஹாலிஃபாக்ஸிலிருந்து மார்பிள்ஹெட்டுக்கு வருகிறது. கப்பல்காரரிடம் பேசிவிட்டேன். அதில் ஏறு. இந்தத் தடவை வரிசையிலிருந்து திரும்பிவிடாதே.

ஹுல்டாவும் துறைக்கு வருகிறாள். யோதாம் காணாமல் போன நாளிலிருந்து வாசற்படி தாண்டாதவள். நீ எழுத முடியவில்லை என்று எழுதிய வரியை மட்டும் மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள். கடைசியில் இதை எழுதச் சொன்னாள், அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"எழுத வேண்டாம்னு சொல்லுங்க. நேர்ல வந்து எம் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்லுங்க. ஒண்ணுவிடாம சொல்லணும். ஒரு நாளைக்கு ஒரு நாள் கதைன்னு வச்சாலும், அவன் எங்கூட இன்னும் ஒம்பது நாள் இருப்பான்ல."

தம்பி
ஆசகேல்